மாத்தூர் போய் வந்த மீன் தலைகள்

பூமியைக் காப்பாற்றும் வேலைக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்று சொன்னார்கள். அதனால்தான் சேர்ந்தேன்.

அதுவரை நான் பார்த்த வேலைகள் எதுவும் பூமிக்கு நல்லது செய்ததாகத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மணலியில் லாரி கிளீனராக இருந்தேன். ரயில் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே நாக்பூர் வரை போய் வந்தேன். யானைக்கவுனியில் ஒரு பாத்திரக் கடைக்கு மூட்டை சுமந்தேன். எங்கும் ஒரு தீபாவளிக்கு மேல் நின்றதில்லை. சண்டை போட்டு வந்தது பாதி, சொல்லாமல் வந்தது மீதி.

காசிமேட்டில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பழைய வலைக் கிடங்கு இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, பச்சைக்கோடு போட்டு, ஒரு மீன் கம்பெனி வந்து உட்கார்ந்தது. சின்னப் படகுகளில் வரும் மீனை வாங்கி நேராக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தூரத்து ஊருக்குப் போகும் டீசல் லாரி கிடையாது, மலை மலையாக ஐஸ் கிடையாது, பிளாஸ்டிக் பை கிடையாது. பாக்குமட்டைப் பெட்டிக்குள் வாழையிலை, இலைக்குள் மீன், பெட்டியைச் சுமக்க பேட்டரி வண்டி. அந்த வண்டி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாது என்பதால்தான் உரிமம் வேண்டாம் என்றார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அதில் போனால், யானைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட ஆமைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். எனக்கு ஒரு பச்சை டீ-சர்ட்டும் கொடுத்தார்கள். 'பூமிக்கு நல்லது, உங்களுக்கும் நல்லது' என்று முதுகில் எழுதியிருந்தது. என் முதுகு என்பதால் நான் அதை அதிகம் படித்ததில்லை. பின்னால் ஹாரன் அடித்தபடி வந்த லாரிக்காரர்கள் படித்துவிட்டுத் திட்டினார்கள்.

கூடத்தில் மீன் வெட்ட நான்கு பெண்கள். நான்கு பேருமே அதுவரை துறைமுக வாசலில் வெயிலில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் மூத்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள், நானும் அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். வலை இழுக்கும் இயந்திரத்தின் கயிற்றில் கால் மாட்டிய பிறகு வீட்டோடு இருந்தார். அக்காவுக்குக் கம்பெனி வெள்ளைக் கோட்டு, கையுறை, தலைக்குப் பூப்போல ஒரு தொப்பி கொடுத்தது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னா நைனா, டாக்டரு மாதிரி கீறனா?" என்றாள்.

"பிரசவம் பாக்கற டாக்டர் மாதிரி இருக்கக்கா."

"வஞ்சிரத்துக்கு சினை எடுக்கறேன்ல, அதான்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீனை வெட்டக் கொடுக்கிறவர் தலை வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்காத தலை வெட்டியவளுக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. படகில் போகிறவன் ஏலத்துக்கு முன்பே வீட்டுக் குழம்புக்கென்று ஒரு கை மீனை எடுத்து வைத்துக்கொள்வான். அதைக் கறிமீன் என்பார்கள். இந்தத் தலை அந்தக் கறிமீனுக்குத் தங்கை முறை.

அக்காவுக்கு ஒரு நாளில் சேரும் தலைகளில் ஒன்றிரண்டு வீட்டுச் சட்டிக்குப் போகும். மீதியை ஒரு ஒயர்கூடையில் போட்டு ஷேர் ஆட்டோவில் மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே சுடுகாட்டுச் சுவரை ஒட்டி ஒரு அண்ணன் தள்ளுவண்டி வைத்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் சட்டியைத் திறந்தால் மாங்காய் போட்ட தலைக்குழம்பு. குழி வெட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து தூக்குவாளியோடு வரும் பெண்கள் என்று ஒரு வரிசை நிற்கும். வஞ்சிரத் துண்டு வாங்க முடியாத அத்தனை பேருக்கும் அங்கே வஞ்சிரத்தின் ருசி கிடைத்தது. சமைக்க இடமில்லாத வாடகை அறையில் இருந்த எனக்கும் அதுதான் இரவுச் சாப்பாடு. அண்ணன் தலைக்குக் கொடுக்கும் காசில்தான் அக்கா வீட்டுக்கு அரிசி வாங்கினாள்.

கம்பெனிக்குள் வந்த பிறகும் இந்த வழக்கம் அப்படியே நடந்தது. போனில் ஆர்டர் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் 'தலை வேண்டாம்' என்றுதான் அமுக்கினார்கள். அக்காவின் கூடை முன்பைவிட நன்றாகவே நிரம்பியது. அப்புறம்தான் வகுப்பு வைத்தார்கள்.

வகுப்பெடுக்க வந்த பெண் நல்ல மாதிரி. புகைபோக்கி ஒன்று கரும்புகை விடுவதைச் சுவரில் படமாகக் காட்டி, "இந்த மாதிரி இடத்தை எப்பவாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"துணி காயப் போடசொல்லோ பாப்போம்" என்றாள் அக்கா. "காத்து இந்தாண்ட அட்ச்சா துணிய எடுத்துருவோம்."

அடுத்த படத்தில் திறந்த ஃபிரிட்ஜ் ஒன்று வந்தது. உள்ளே வாடிப்போன காய்கள். "உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு வாரத்துக்கு எவ்வளவு சாப்பாடு வீணாகுது?"

"என் ஃபிரிட்ஜில துணி வெச்சிக்கீறேன் மேடம். அது கெட்டு ஆறு வருசமாவுது. கதவு நல்லா மூடிக்கும், எலி பூராது."

அந்தப் பெண் அதற்கு என்ன குறித்துக்கொண்டாளோ தெரியாது. கடைசிப் படத்தில் நீல டிரம் ஒன்று வந்தது. இனிமேல் கூடத்தில் எதுவும் வீணாகாது. தலை, எலும்பு, செதில், குடல் எல்லாம் இந்த டிரம்முக்குள் போகும். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆலையில் அரைத்துக் கோழித்தீவனம் செய்வார்கள். பூமிக்கு நல்லது என்றாள்.

"தலையுமா?" என்றாள் அக்கா.

"கழிவு எல்லாமே."

"தல எப்ப கழிவாச்சு?"

பதில் சொன்னது கூடத்தை மேற்பார்வை பார்த்த சார். படித்த பையன், வயதில் என்னைவிடச் சின்னவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். "அக்கா, கூடத்துல வெட்டற ஒவ்வொரு துண்டும் எங்க போவுதுன்னு நாம கணக்கு காட்டணும். அப்பதான் 'கழிவே இல்லாத கம்பெனி'ன்னு சான்று தருவாங்க. நீங்க எடுத்துட்டுப் போனா அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது."

"எங்க போவுதா? வயித்துக்குப் போவுது."

"எனக்கும் மேல கேக்கறாங்கக்கா" என்றார் அவர். அது உண்மைதான். அவர் முகமே சரியில்லை.

மறுநாள் முதல் வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். இருபது வருடமாக எல்லோர் கண்ணெதிரிலும் தலையைக் கொண்டுபோனவளுடைய பையில் டிபன் டப்பாவும் புடவையும் இருந்தன. அவர் டப்பாவையும் திறந்து பார்த்தார். அக்கா டப்பாவை வாங்கி மூடிக்கொண்டு நடந்தாள். அவள் சும்மா இருந்ததைப் பார்த்து எனக்குத்தான் பயமாக இருந்தது.

அந்த வாரம் தலைக்குழம்பு கிடையாது. மூலக்கொத்தளத்து அண்ணன் சட்டியில் சாம்பார் வைத்தார். குழி வெட்டுகிற ஒருவர் அதைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, கருமாதியா?" என்றார். அண்ணன் என்னிடம், "தல இல்லன்னா நான் வண்டிய மாத்திக்கணும் மாமு. சாம்பார் ஊத்தறதுக்கு இந்தத் தெருவுல நாலு பேரு கீறான்" என்றார். ஒரு நாள் அக்காவை அவள் வீட்டில் இறக்கிவிடப் போனபோது அவள் வீட்டுக்காரர் பொட்டுக்கடலைத் துவையல் தொட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். மீன் வேலைக்குப் போகிறவள் வீட்டில் மீன் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளைக் காட்டினாள். "நீ படிச்சவன்தான? படி."

எட்டாம் வகுப்பு என்னைப் படித்தவனாக்கிய ஒரே இடம் அதுதான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். தலை, எலும்பு, செதில் எதுவும் பணியாளர்களோடு வெளியே போகக் கூடாது. வாடிக்கையாளரின் பெட்டியில் வைத்தது போக மீதமெல்லாம் டிரம்முக்குப் போக வேண்டும்.

"மறுக்கா படி. பொட்டிய பத்தினது."

படித்தேன்.

"வேணாம்னவன் பொட்டியில வெச்சா தப்புன்னு போட்டுக்கீதா?"

தேடினேன். இல்லை.

"வண்டிக்காரனுக்கு எதுனா எழுதிக்கீதா?"

இருந்தது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மீன் என்ன ஆவது என்பதற்காக எழுதியது. திரும்பி வரும் பொருள் சுத்தம் கருதிக் கூடத்துக்குள் நுழையக் கூடாது. ஓட்டுநரே அதைப் பசித்தவர்களுக்குப் பயன்படும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

அக்கா கையுறையைக் கழற்றி வாயைத் துடைத்துக்கொண்டாள். "எழுதினவன் நல்லாருக்கணும்" என்றாள்.

அன்று பிற்பகல் மாத்தூருக்கு ஆறு பெட்டி. ஒவ்வொன்றிலும் துண்டுகள் அழகாக அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் ஒரு தலை, மூடியைப் பார்த்தபடி, கண் திறந்து, காதோரம் ஒரு கறிவேப்பிலைக் கொத்தோடு. மீனுக்குக் காது இல்லைதான். இருந்தால் அங்கேதான் இருக்கும்.

முதல் வீடு மூன்றாவது மாடியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. பெட்டியைத் திறந்தார். சங்கரா மீன் அவரைப் பார்த்தது.

"யாருப்பா இது?" என்றார், சொல்லாமல் வந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போல.

"உங்க மீனோட தலை சார். எதையும் வீணாக்கக் கூடாதுன்னு கம்பெனில ரூல் போட்டுட்டாங்க."

"எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க. எடுத்துட்டுப் போயிடுப்பா."

"போன்ல 'திருப்பி அனுப்பு'ன்னு ஒரு தடவை அமுக்கிடுங்க சார். காரணம் கேக்கும்."

அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார். இறங்கி வந்து என் போனில் பார்த்தேன். திருப்பி அனுப்பும் காரணம்: 'முறைக்கிறது'.

அன்று ஆறில் நான்கு தலைகள் திரும்பின. பசித்தவர்களுக்குப் பயன்படும் இடம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாத்தூரிலிருந்து பேட்டரியின் கடைசிக் கோடு மினுக்கிக்கொண்டிருக்க, கடைசித் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு மூலக்கொத்தளம் வந்து சேர்ந்தேன். அக்கா தள்ளுவண்டி பக்கத்தில் காத்திருந்தாள். தன் வீட்டுக்கு ஒரு தலையை எடுத்துக்கொண்டு மீதியை அண்ணனிடம் கொடுத்தாள். துறைமுகத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருந்த இடத்துக்கு வர அந்தத் தலைகள் மாத்தூர் வரை போய்ச் சுற்றி வந்திருந்தன. மூன்றாவது மாடி, பூந்தொட்டி எல்லாம் பார்த்திருந்தன. லிஃப்டில் மட்டும் போகவில்லை, என்னைப் போன்ற சேவை ஆட்களுக்குப் படிக்கட்டுதான்.

திரும்பாத இரண்டு தலைகளைப் பற்றி அக்கா விசாரித்தாள். ஒன்றை இரண்டாவது மாடிப் பெண் எப்படிச் சமைப்பது என்று கேட்டு வைத்துக்கொண்டாள் என்றேன். இன்னொன்று கல்கத்தாவிலிருந்து குடிவந்த வீடு. தலையைப் பார்த்ததும் வீடே கூடி மகிழ்ந்தது, நாளைக்கும் கேட்டார்கள் என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு வேணாம்னு அமுக்கினாங்க?"

"தெரியாம அமுக்கிட்டாங்களாம்."

"சோக்கான ஜனம்" என்றாள் அக்கா. அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"அவங்க வீட்டுப் பெட்டில மட்டும் இனிமே வைக்க வேணாங்கக்கா. எப்படியும் திரும்பி வராது."

என்னை முறைத்தாள், பெட்டிக்குள்ளிருந்த சங்கராவைவிட நன்றாக. "இன்னா பேச்சு பேசற? வாயத் தொறந்து கேட்டாங்கல்ல. கேட்டா அவங்களுது. அதான வயக்கம்?" கல்கத்தா வீட்டுக்குப் போன தலைகள்தான் அந்த மாதத்திலேயே பெரியவை. அக்காவே பார்த்து எடுத்து வைத்தாள்.

இப்படி மூன்று வாரம் ஓடியது. புகார்கள் வந்தன. சார் கூடத்துக்கு வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார், விதித்தாளைப் படித்தார், தலையைச் சொறிந்தார். "அக்கா, வேணாம்னு சொன்னவங்களுக்கு எதுக்குக்கா வைக்கறீங்க?"

"காசு குடுத்தது முழு மீனுக்கு சார். நான் எட்த்தா திருட்டு. ட்ரம்மு எட்த்தா மட்டும் நாயமா?"

மேலே எழுதிக் கேட்கிறேன் என்று சார் போனார். எழுதினாரா, என்ன பதில் வந்தது என்று தெரியாது. அதற்குள் கம்பெனியில் பணம் போட்டவர்கள் பார்வையிட வந்துவிட்டார்கள்.

வந்தவர்களில் கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாதான் கேள்வி கேட்டார். பேட்டரி வண்டிகள் போய்வரும் வழியெல்லாம் ஒரு பெரிய திரையில் பச்சைக் கோடுகளாகத் தெரியும். நல்ல பெருமையோடு சார் அதைப் போட்டுக் காட்டினார். அந்த அம்மா ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். "இந்த வண்டி மட்டும் தினம் மாத்தூர் போயிட்டு, கூடத்துக்கு வராம இங்க வந்து நிக்குதே. இந்தப் பச்சை இடம் என்ன, பூங்காவா?"

சார் குனிந்து பார்த்தார். "மூலக்கொத்தளம் மேடம். பூங்கா இல்ல. சுடுகாடு."

என்னைக் கூப்பிட்டார்கள்.

"மீனை எதுக்குப்பா சுடுகாட்டுக்குக் கொண்டுபோறீங்க?" என்றார் அந்த அம்மா.

"புதைக்க இல்லைங்க மேடம்" என்றேன். "சாப்பிடத்தான்."

அது நிலைமையைச் சரியாக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நல்லவேளையாக அக்கா, தொப்பியும் கையில் கத்தியுமாக, கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். கத்தியைக் கீழே வைக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"நான் சொல்றேம்மா. தல துன்னாத ஜனம் வேணாங்குது. துன்ற ஜனம் அங்க நின்னுகினு கீது. நடுவுல நாங்க எட்த்துகினு போய் குடுத்தோம், நாங்களும் துன்னோம். இப்ப ட்ரம்முல போடுன்றீங்க. ட்ரம்மு டீசல் வண்டியில பொன்னேரி தாண்டிப் போவுது. அத்த கோயி துன்னும். கோயிய நீங்க துன்னுவீங்க. பூமிக்கு நல்லதுன்றீங்க, சரி. எங்க தட்டுல கீறத எட்த்துத்தான் நல்லது செய்யணுமா? உங்க தட்டுலேர்ந்து இன்னா எட்த்தீங்க?"

அந்த அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாரிடம், "அப்போ ஒரு தலை இங்கேருந்து மூலக்கொத்தளம் போக மாத்தூர் வழியா போவுதா?" என்று கேட்டார்.

"விதிப்படி, மேடம்" என்றார் சார், தரையைப் பார்த்தபடி.

அந்த அம்மா சிரிப்பை அடக்கினார் என்று நான் சத்தியம் செய்வேன். அக்கா இல்லை என்பாள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடியது நாற்றத்துக்கு என்பாள்.

பத்து நாள் கழித்துப் புதுத்தாள் வந்தது. வேண்டாத தலைகளை வெட்டும் பெண்கள் எடுத்துக்கொள்ளலாம், தினமும் கையெழுத்துப் போட வேண்டும். சார் நீட்டினார். அக்கா அதை என்னிடம் தள்ளினாள். 'உணவுக் கழிவைப் பெற்றுக்கொண்டேன்' என்று படித்தேன்.

"போட மாட்டேன்" என்றாள் அக்கா.

"அக்கா, கேட்டதுதான் கெடச்சிடுச்சே!"

"என் வூட்டுக்காரரு துன்றது கயிவா சார்? அடிச்சிட்டு எழுது."

சார் பேனாவை எடுத்து 'உணவுக் கழிவை' என்பதை அடித்துவிட்டு 'மீன் தலை' என்று கையால் எழுதினார். தினமும் நான்கு தாளில் அப்படி அடித்து எழுத வேண்டியிருந்தது. மேலே அச்சடித்தது மாற இரண்டு மாதமாயிற்று. அதற்குள் அவர் கையெழுத்து நன்றாகத் திருந்திவிட்டது.

கம்பெனி இதையும் விடவில்லை. பெட்டிக்குள் வைக்கும் துண்டுச்சீட்டில் 'தலையும் வீணாகாது: எங்கள் புதிய முயற்சி' என்று போட்டார்கள். படித்துக் காட்டினேன். "புச்சா?" என்றாள் அக்கா. "சரி வுடு, அவங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும். சினைய பத்தி எதுனா எழுதிக்கீறாங்களா?" எழுதவில்லை என்றேன். "அப்ப அத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மாத்தூர்ப் பெரியவர் மட்டும் கொஞ்ச நாள் பெட்டியைத் திறக்கும்போது தள்ளி நின்றே திறந்தார். மூலக்கொத்தளத்து அண்ணன், "இப்பல்லாம் தலைங்களுக்கு ஊரு சுத்தற யோகம் போச்சு, அதான் கொயம்புல காத்தோட்டமே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டே ஊற்றினார். வரிசை பழையபடி சுவரோரம் நீண்டது. நான் அந்தத் தீபாவளி வரை இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். சாப்பாடு இன்றும் அங்கேதான்.

தலை திரும்பி வந்தது, ஆனால் வாசலில் பையைத் திறந்து பார்ப்பது நிற்கவில்லை. அந்த விதியை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை, அல்லது மனசு வரவில்லை. நாங்கள் கேட்டுப் பார்த்தோம், பார்க்கலாம் என்றார்கள். அதனால் தினமும் வேலை முடிந்ததும் அக்கா அன்றைய தலைகளிலேயே பெரியதாக, கண் தெளிந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூடையின் மேலே வானத்தைப் பார்க்க வைப்பாள். வாசலில் கூடையை நீட்டுவாள். காவலாளி துணியை விலக்குவார்.

"நல்லா பாத்துக்கோ நைனா" என்பாள். "அதுவும் உன்ன பாத்துகினுதான் கீது."

அவர் துணியைச் சட்டென்று மூடிவிடுவார்.